அம்மாபேட்டை அடுப்பு

சேலத்து அம்மாபேட்டை தறிகளின் ஊர். கால் ஓயாமல் குழித்தறி மிதிப்பவன் வீட்டில் இன்று உலையில் கொதிப்பது வெள்ளை அரிசி. முன்னாளில் இவ்வட்டாரத்து உழைப்பாளியின் உணவு கேழ்வரகுக் களியும் கீரையுமே.

ஏன் இம்மாற்றம்? நாவின் ஆசையை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கேழ்வரகையோ காசு கொடுத்தல்லவா வாங்க வேண்டியிருந்தது! கூலியை எண்ணி வாழும் குடும்பம் எதனை உலையிலிடும்? அவ்வரிசி பசியைத் துரத்தியது. அதனை நான் இகழேன். ஆயினும் 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியிலோ ஏறக்குறைய 10.

ஆகவே அறிவுரை போதாது. கடையிலே பண்டம் வேண்டும். 2023-ல் அரசு நீலகிரியிலும் நம் அண்டை மாவட்டமாகிய தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கிற்று. நல்ல தொடக்கம், சற்றே காலந்தாழ்ந்த தொடக்கம்.

பள்ளியிலும் இதே கதைதான். காமராசர் 1956-ல் மதிய உணவளித்தார், எம்.ஜி.ஆர். 1982-ல் அதனைச் சத்துணவாக விரித்தார். முட்டை 1989-ல், அதுவும் இரு வாரத்துக்கு ஒன்றாக வந்தது. வாரம் ஐந்தானது 2010-ல். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் இதோ பக்கத்தில்! நெசவாளியின் பிள்ளையினது தட்டுக்கு அது வந்து சேர எத்தனை ஆண்டுகள்!

இன்னொன்று. கேழ்வரகு கடைக்கு வந்தாலும், கிண்டத் தெரிந்த கை வேண்டுமே. ஒரு தலைமுறை சோற்றிலேயே வளர்ந்துவிட்டது. கட்டி விழாமல் துடுப்பால் களி கிளறும் பதத்தை உங்கள் பாட்டியார் அறிவார், இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.