மூலிகை எண்ணெயும் முன் வழுக்கையும்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முடி உதிர்வைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள் என்பது என் தலையைப் பார்த்தாலே புரியும். நான் மருத்துவன் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்தவன். வரவு செலவு பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் இருக்கும் என் தம்பி மகனுக்கு 29 வயது. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மினாக்ஸிடில் போட்டுவந்தான். தலையில் அரிப்பு. "அதெல்லாம் கெமிக்கல்" என்று யாரோ சொல்ல, அதை நிறுத்திவிட்டு, செல்போனில் விளம்பரம் பார்த்து ஒரு மூலிகை எண்ணெய் வாங்கினான். 5 மாதத்தில் 6,000 ரூபாய். பணம் போகட்டும். மருந்து பிடித்து வைத்திருந்த முடியும் போய்விட்டது.

பரம்பரை வழுக்கையில் முடி வேர் ஒரே நாளில் சாவதில்லை. டி.எச்.டி. என்ற ஹார்மோனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் ரோமம் வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்கா அனுமதித்தது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது உதிரும். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் திரவத்தில் கலக்கும் புரோப்பிலின் கிளைக்கால். நுரையாக வரும் வகையில் அது கிடையாது. பையன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அப்படியானால் மூலிகை எல்லாம் பொய்யா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2015-ல் ஈரானில் வழுக்கை விழும் 100 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில் கொடுத்தார்கள். 6 மாதத்தில் இரண்டு பக்கமும் முடி கொஞ்சம் கூடியது. அரிப்பு ரோஸ்மேரியில் குறைவு. ஆனால் கடையில் அதிகம் விற்கும் 5 சதவீத மருந்தோடு ஒப்பிடவில்லை. வெறும் எண்ணெய் தடவிய மூன்றாவது குழுவும் இல்லை. ரோஸ்மேரி எண்ணெயை அப்படியே தடவினால் தோலில் எரிச்சல் வரலாம், வேறு எண்ணெயில் சில சொட்டுதான் கலக்க வேண்டும்.

நம் வரப்பில் முளைக்கும் வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணியை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். முடி சீக்கிரம் வந்தது, ஆனால் ரோமம் மழித்த எலியின் முதுகில்! எலிக்கு நம்மைப் போல் பரம்பரை வழுக்கை கிடையாது. என் அம்மா அந்தக் கீரைச் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சுவார். தலை குளிர்ந்தது, தூக்கம் வந்தது. அப்பாவுக்கு வழுக்கை விழுந்தது விழுந்ததுதான்.

விளம்பரத்தில் "வழுக்கையில் முடி வளரும்" என்று பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் "ஜே" என்று ஓர் அட்டவணை இருக்கிறது. மருந்தால் குணமாகும் என்று சொல்லக்கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் அதில் உண்டு. 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் வழுக்கைக்கு எண்ணெய் தேய்க்கும் முகாம் நடந்தது. 60 பேருக்கு மேல் கண் எரிச்சலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

எண்ணெய் தேய்ப்பவர்கள் தேய்த்துக்கொள்ளுங்கள். போட்டுவரும் மருந்தை மட்டும் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் படித்த மருத்துவர் பார்த்து இலவசமாகத் தருகிறார். பெண்களுக்கு வகிடு அகன்றால் முதலில் தைராய்டும் ரத்தசோகையும் பாருங்கள், அது வேறு கணக்கு. மாதம் ஒருநாள், ஒரே வெளிச்சத்தில் உச்சந்தலையைப் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி தினமும் ஒரு பொய் சொல்லும்.

தம்பி மகன் இப்போது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, நுரை மருந்து போடுகிறான். மூன்று போட்டோ அனுப்பிவிட்டான். "பெரியப்பா, வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்கிறான். இன்னும் தெரியவில்லை. நான்காவது போட்டோ அடுத்த மாதம் வரும்.