கையெழுத்துப் போடும் முன்



மகன் கம்பெனியில் தொழில் பழகப் போகிறான். முதலாளி ஒரு தாளை நீட்டுகிறார். அப்பா கைநாட்டு வைக்கிறார். முன்பு இப்படித்தான் நடந்தது. இன்று அந்த அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். தாளைப் படித்துப் பார்க்கலாமே!

'அப்ரண்டிஸ்' என்கிறோமே, அவர்களுக்காக 1961-ல் ஒரு சட்டம் வந்தது. தொழில் பழகுநர் சட்டம் என்று பெயர். சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18. சிறு வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒப்பந்தம் அரசிடம் பதிவாக வேண்டும்.

மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அது தர்மம் அல்ல, முதலாளியின் கடமை. எத்தனை உருப்படி செய்தாய் என்று எண்ணிக் காசு தரக் கூடாது. எண்ணிக்கைக்காக ஓடினால் பிள்ளை தொழிலை எப்படிக் கற்பான்? வேலையில் அடிபட்டால் நட்ட ஈடு உண்டு.

2016-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்றது. 2023-ல் அந்தப் பங்கை நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள்.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இடம் ஒதுக்க 1973-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 2007-ல். பெண் பிள்ளைகளும் சேரலாம். பிட்டர் வேலை ஆணுக்கு மட்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

"பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலை" என்று யாராவது சொன்னால், அது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் அந்த உறுதியைத் தரவில்லை. தேர்வில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி வேறு ஊரிலும் வேலை கேட்கலாம்.