குமுளியிலிருந்து இறங்கும்போது

இன்றைக்கு உங்களைத் தேனி மாவட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத்தான் தேனிக்கு வருவார்கள். நாம் எதிர்த்திசையில் வருவோம். கேரளத்துக் குமுளியில் பஸ் ஏறி, மலையிறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நீள வாக்கில் கடந்து தேனியில் போய் இறங்குவோம். தூரம் சுமார் 60 கிலோமீட்டர்.

இந்த வழியைப் பிடித்ததற்குக் காரணம் என் பிழைப்பு. நான் பிறந்தது உத்தமபாளையத்துப் பக்கம். வேலை பார்ப்பது வண்டிப்பெரியாறு அருகே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தமிழ்வழிப் பள்ளியில். வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாம் வருஷம். பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கிற சீமை இல்லைதான். ஆனாலும் அரசாங்கம் வேறு, ஆபீஸில் புழங்கும் மொழி வேறு, பாடப்புத்தகம் வேறு, சோறு வேறு, மழை வேறு. மாலத்தீவிலும் துபாயிலும் வாத்தியார் வேலைக்குப் போன சிநேகிதிகளோடு பேசினால், முதல் வருஷத்துப் புலம்பல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டாம் வருஷத்தில்தான் அவரவர் ஊர் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. எனக்கு வேலை செய்யும் ஊரோடு பிறந்த ஊரும் சேர்ந்து தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பயணம்.

கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை வட்டாரங்களில் காட்டைத் திருத்தித் தேயிலையும் ஏலமும் போட்டபோது, கைவேலைக்கு ஏறிப்போனவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். பீர்மேடும் தேவிகுளமும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று அன்றைக்குப் பெரிய போராட்டமே நடந்தது. கடைசியில் அவை கேரளத்தில்தான் நின்றன. மக்களும் அங்கேயே தங்கினார்கள், அவர்கள் பிள்ளைகளுக்காகத் தமிழ்வழி வகுப்புகளும் தங்கின. எங்கள் பாடப்புத்தகம் கேரள அரசு அச்சடித்தது, எழுத்து தமிழ். ஸ்ரீ நாராயண குருவையும் அய்யன்காளியையும் நான் தமிழில் படித்துக்கொண்டு போய்த் தமிழில் நடத்துகிறேன். வைக்கம் சத்தியாகிரகப் பாடம் வரும்போது மட்டும் ஈரோட்டுப் பெரியாரும் உள்ளே வந்துவிடுவார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

புறப்படும் முன் அந்த மழையைச் சொல்லிவிடுகிறேன். பீர்மேட்டில் வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும். மலைக்கு இந்தப்புறம், தேனிச் சமவெளியில், எண்ணூறைச் சுற்றித்தான். கேரளத்துப் பள்ளிகள் திறப்பது ஜூன் முதல் தேதி வாக்கில், தென்மேற்குப் பருவமழையும் கூடவே வரும். எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை. மழை வலுத்துவிட்டால் நான் கத்துவது முதல் பெஞ்சுக்கே கேட்காது. முதல் வருஷம் தொண்டை கட்டி, வெந்நீரும் கையுமாகத் திரிந்தேன். இப்போது கூரையில் சத்தம் கூடியதுமே பிள்ளைகள் நோட்டை எடுத்துவிடுவார்கள், நான் சாக்பீஸை எடுத்துவிடுவேன். வாய்ப்பாடு, படம் வரைதல், சொல்வதெழுதுதலுக்குப் பதிலாகப் பார்த்தெழுதுதல் என்று பலகையிலேயே பாடம் நடக்கும். வராந்தாவில் குடைகள் வரிசையாக நின்று சொட்டிக்கொண்டிருக்கும். மழைக்கென்று எந்தப் பாடத்தை ஒதுக்கிவைப்பது, வெயிலுக்கென்று எதை வைப்பது என்று இந்த வருஷம் மே மாதமே பிரித்துவைத்துவிட்டேன்.

சரி, குமுளிக்கு வந்தாயிற்று. கேரளத்து பஸ் நிற்கும் இடம் ஒன்று, தமிழ்நாட்டு பஸ் நிற்கும் இடம் இன்னொன்று. நடுவில் எல்லை, சோதனைச்சாவடி. இந்த பஸ்ஸில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் அந்த பஸ்ஸில் ஏற வேண்டும். நேந்திரம் சிப்ஸ் கடை, மசாலாக் கடை, தேக்கடிக்குப் போகும் வெள்ளைக்காரர்கள், இரண்டு மொழியிலும் எழுதிய பலகைகள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் பேசுவது என்று முடிவு பண்ணிவிடுவார்.

பஸ் கிளம்பி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் குளிர் குறையும். மலைச்சரிவில் நாலு பெரிய இரும்புக் குழாய்கள் தெரியும். குழந்தைகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து இதைக் காட்டுங்கள். முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீர் அதில்தான் இறங்குகிறது.

மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு பெரியாறு. அதை மறித்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1886 அக்டோபரில் 999 வருஷத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. மறுவருஷம் வேலை தொடங்கி 1895-இல் அணை திறந்தது. முன்னின்று கட்டியவர் ஜான் பென்னிகுயிக் என்ற ராணுவப் பொறியாளர். காட்டிலும் மழையிலும் மலேரியாவிலும் மாண்ட கூலியாட்கள் ஏராளம். குழாய்கள் வந்து முடியும் அடிவாரத்துக்கு லோயர் கேம்ப் என்று பெயர். கட்டுமானக் காலத்து முகாம் பெயர் அப்படியே ஊர்ப்பெயராகிவிட்டது. இங்கே 1950-களின் கடைசியிலிருந்து நீர்மின் நிலையம் ஓடுகிறது. பக்கத்தில் பென்னிகுயிக்குக்கு 2013-இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கலையொட்டி வருவதால், பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அவர் பேரிலும் ஒரு பொங்கல் வைப்பார்கள். வீட்டில் சாமி படத்தோடு அவர் படத்தையும் மாட்டியவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

நேயர்களே, இந்தத் தண்ணீரைப் பற்றி நான் ஊரில் இருந்தவரை ஒரு பக்கத்து நியாயம்தான் கேட்டு வளர்ந்தேன். வானொலியில் பெரியாறு அணை நீர்மட்டம் சொன்னால் எங்கள் அப்பா கையமர்த்திவிட்டுக் கேட்பார். எத்தனை அடி ஏறுகிறதோ அத்தனை நிம்மதி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்ன அன்றைக்குப் பட்டாசு வெடித்த பள்ளத்தாக்கு இது. வண்டிப்பெரியாறோ அணைக்குக் கீழே, ஆற்றங்கரையிலேயே இருக்கிற ஊர். அடி ஏற ஏற அங்கே வயிற்றில் புளியைக் கரைக்கும். அதே செய்தி, அதே எண். 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றியபோது குமுளிப் பாதையே அடைபட்டு, தோட்டத் தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி ஓடிவந்தது இரண்டு பக்கத்துக்கும் மறக்கவில்லை.

ஆறுகள் பற்றிய பாடத்துக்கு வகுப்பில் படம் போட்டேன். அணையைக் குறித்து, மேற்கே ஒரு கோடு, கிழக்கே ஒரு கோடு. ஒரு பெண்பிள்ளை எழுந்தது. "டீச்சர், தண்ணி எங்க அம்மாச்சி ஊருக்குத்தானே போகுது? கூடலூருக்கு? அப்புறம் எதுக்குச் சண்டை?" என்று கேட்டது. கீழே வயலுக்கு என்ன தேவை, மேலே ஆற்றங்கரையில் இருப்பவருக்கு என்ன பயம் என்று இரண்டையும் சொன்னேன். முதல் வருஷமாக இருந்தால் ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன், மற்றது எனக்கே தெரியாது.

அந்த அம்மாச்சியின் கூடலூர்தான் இப்போது வருகிறது. இதற்கு மேலே, வண்ணாத்திப்பாறைக் காட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் ஜனங்கள் போகலாம். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், இந்தப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியாக நடந்தும் ஏறலாம். இரண்டு மாநிலத்துப் போலீசும் வனத்துறையும் நிற்பார்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நாளில் அம்மனை வேண்டிக்கொள்வார்கள். போக நினைப்பவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது கம்பம். ஒரு ராத்திரியாவது இங்கே தங்குங்கள். விடியற்காலையில் எழுந்து பஸ் நிலையத்துப் பக்கம் போய் நின்றால், பள்ளத்தாக்கு எப்படிப் பிழைக்கிறது என்று தெரியும். இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் வரிசை கட்டும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி என்று பெண்கள் ஏறுவார்கள். இடம் இருக்கிறதோ இல்லையோ, இன்னும் ஒருவர் ஏறுவார். கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டு, சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். போடியில் இருந்து போடிமெட்டு வழியாகவும் இதே ஓட்டம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையில் படரும் சரத்தில்தான் காய் பிடிக்கும். அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்தபடியேதான் எடுக்க வேண்டும், ஈரத்தில், அட்டைக் கடியோடு. ஆடி, ஆவணிக்குப் பிறகு எடுப்பு சூடுபிடிக்கும். காய்ந்து தரம் பிரித்த காய் போடியிலும் மலைமேல் புற்றடியிலும் ஏலத்துக்கு வரும். பாயசத்தில் மிதக்கும் ஒரு காய்க்குப் பின்னால் இத்தனை இடுப்புவலி இருக்கிறது.

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் பாதையில் சுருளிப்பட்டி வந்ததும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சை. கவாத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றிச் செய்வதால், வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு பந்தலில் குலை தொங்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோட்டத்து வாசலிலேயே கிலோ கணக்கில் நிறுத்துத் தருவார்கள். தோல் தடிப்பு, கொட்டை உண்டு, ஆனால் வாசனை இருக்கிறதே, பையில் வைத்தால் பஸ்ஸில் நாலு சீட்டுக்கு வீசும்.

இனி உத்தமபாளையம், சின்னமனூர். சாலைக்கு இரண்டு பக்கமும் நெல் வயலும் வாழையும் தென்னையும். இந்தப் பள்ளத்தாக்கில் இருபோகப் பாசனம் 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதியில் தண்ணீர் திறப்பது வழக்கம், அணையில் இருப்பைப் பொறுத்துச் சில வருஷம் தள்ளிப்போகும். மேலே என் பள்ளி திறக்கும் நாளும் அதுதான். குடையும் நனைந்த சீருடையுமாக நாங்கள் பிரேயருக்கு நிற்கும்போது, கீழே மதகில் பூப்போட்டுத் தண்ணீர் விடுவார்கள். மழை எங்களுக்கு, நாற்றங்கால் இவர்களுக்கு. ஆனியிலும் ஆடியிலும் இங்கே வந்தால் மலையைத் தாண்டிவரும் காற்றும் லேசான சாரலும் இருக்கும். ஊர் சுற்ற அதைவிடத் தோதான காலம் இல்லை.

சின்னமனூரைச் சரித்திரம் படித்தவர்களுக்குப் பாண்டியர் செப்பேடுகளால் தெரியும், வியாபாரிகளுக்கு வாழைத்தாரால் தெரியும். இங்கிருந்து மேகமலைக்கு ஒரு மலைப்பாதை பிரிகிறது. தேயிலையும் ஏரியும் மூடுபனியும் பார்க்க வேண்டியவர்கள் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சற்றுத் தள்ளிச் சீலையம்பட்டிப் பூச்சந்தை. ஆவணியில் ஓணத்துக்கு முந்தின வாரம் இங்கே செண்டுமல்லி மலைபோலக் குவியும். மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறும். முதல் வருஷம் எங்கள் பள்ளியில் அத்தப்பூக் கோலம் போட்டபோது, விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று பார்த்தேன். இந்த வருஷம் பூ வாங்கும் பொறுப்பே என்னிடம் வந்துவிட்டது. எந்தக் கடையில் என்ன விலை என்று எனக்குத்தானே தெரியும்? ஊருக்குப் போன சாக்கில் வாங்கிக்கொண்டு ஏறினேன். கூடவே, தரையில் சம்மணம் போட்டு இதழ் பிய்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

வீரபாண்டி வந்தால் தேனி வந்த மாதிரி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன். சித்திரைத் திருவிழாவில் நட்டிருக்கும் கம்பத்துக்கு ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றுவார்கள், தீச்சட்டி எடுப்பார்கள், ராத்திரி பகல் தெரியாமல் ஜனம். குழாயில் இறங்கியதைப் பார்த்தோமே, அதே தண்ணீர்தான் இந்த ஆற்றிலும். தேனியைத் தாண்டி வைகையில் கலந்து, வைகை அணைக்குப் போய், மதுரை வரைக்கும் குடிநீராகிறது.

தேனியில் இறங்கிவிட்டோம். திரும்புவதற்கு பஸ்தான் என்று இல்லை. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி ஓட ஆரம்பித்தது. இப்போது போடியிலிருந்து சென்னைக்கே வண்டி இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு இந்த ஜூனில் புதிதாக ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தார். ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். வந்த முதல் நாளே, "அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். மாசத்தில் ஒரு சனி ஞாயிறாவது ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கவும் சொன்னேன். பிள்ளைகள் குடியிருக்கும், லயம் என்கிற தோட்டத்து வரிசைவீடுகளுக்குப் போகட்டும், ஆற்றங்கரை வீடுகளைப் பார்க்கட்டும், மலையாளத்தில் நாலு வார்த்தை தப்பாகவாவது பேசட்டும். வெளியூரில் வேலைக்குப் போகிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். லீவு கிடைத்தால் ஊருக்கு ஓடிவருவது தப்பே இல்லை. ஆனால் லீவு நாளில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்காதவரைக்கும், சம்பளம் வாங்குகிற இடமாகத்தான் அது இருக்கும்.