இரண்டு கால், ஒரே சத்தம்



உத்திரமேரூர்ப் பக்கம் ஏரி வற்றும், நிரம்பும், நல்ல மழை வருஷத்தில் கலங்கல் வழியும். உறைந்துபோன ஏரியை நம்மில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஒரு கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். அதில் சீனாவின் ஷென் ஷூவே, ஜாவ் ஹோங்போ இருவரும் செய்து காட்டியதை எந்த ஊர்க் கலைஞரும் ரசிகரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலத்தில் பனித்தளம். காலணிக்கு அடியில் எஃகுக் கத்தி. அகலம் நாலு மில்லிமீட்டர் அளவுதான். அந்தக் கத்தியின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனால் உள்பக்கம் ஒரு விளிம்பு, வெளிப்பக்கம் ஒரு விளிம்பு. உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்த விளிம்பு பனியைக் கவ்வும், ஆடுபவர் வளைந்து போவார். இந்தக் கலையின் அத்தனை அழகும் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

ஜோடி ஆட்டத்தில் ஆண் பெண்ணின் இடுப்பைப் பிடித்து வீசுவான். அவள் காற்றில் மூன்று சுற்று சுற்றி, பல அடி தள்ளி, பின்பக்கமாக ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். இன்னொன்றில் அவளை நேர் மேலே தூக்கிப் போடுவான். அவள் சுழன்று கீழே வரும்போது, கால் தரையைத் தொடுவதற்கு முன் இடுப்பில் பிடிக்க வேண்டும். வேறொன்றில் அவன் நடுவில் அச்சாக நிற்பான். அவள் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலைமுடி பனியில் உரசும் அளவுக்குத் தாழ்ந்து அவனைச் சுற்றி வருவாள். இவற்றுக்கு நடுவே இருவரும் ஒருவரையொருவர் தொடாமல், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தாவலைத் தாவ வேண்டும். போட்டியில் குறு ஆட்டம், நீண்ட ஆட்டம் என்று இரண்டு உண்டு. அந்தக் காலத்தில் நீண்ட ஆட்டம் நாலரை நிமிஷம். இசை நிற்கும் வரை மூச்சு வாங்க இடமில்லை.

படம் காட்ட வானொலிக்கு வழியில்லை. ஆனால் இந்த ஆட்டத்தைக் காதாலேயே எடை போடலாம் என்பது என் அனுபவம். கத்தி நன்றாகக் கவ்வி ஓடினால் ஆழமான, தொடர்ச்சியான ஓர் உரசல் கேட்கும். விளிம்பு தவறினால் கரகரவென்று சுரண்டும். பக்கம் பக்கமாகத் தாவி இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. இரண்டு கால்கள் இறங்கும்போது ஒரே ஒரு 'டக்' கேட்டால் ஜோடி சேர்ந்திருக்கிறது. 'டடக்' என்று கேட்டால் சேரவில்லை. கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. நம் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைத் தறியில் நெய்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். உடல் பகுதிக்கு ஒருவர் நாடா தள்ள, கரைப் பகுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தள்ளுவார். இருவர் கையும் ஒரு கணம் பிசகினால் கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசிறு தெரிந்துவிடும். அந்தச் சேர்மானத்தை வைத்துத்தான் சேலையின் தரம். ஜோடி ஸ்கேட்டிங்கிலும் யார் உயரமாகத் தாவினார் என்று பார்ப்பதைவிட, இருவரும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஷென்னும் ஜாவும் வட சீனாவின் ஹார்பின் நகரத்துக்காரர்கள். குளிர்காலத்தில் அங்கே ஆறே உறைந்துவிடும். அவர்களைச் சேர்த்துவைத்தவர் யாவ் பின் என்ற பயிற்சியாளர். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் உலகப் போட்டி. லுவான் போ என்ற பெண்ணோடு ஜோடி சேர்ந்து யாவ் பின் ஆடினார். சீனாவில் இந்தக் கலை தெரிந்த குரு யாரும் இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் புகைப்படங்களைப் பார்த்து, இந்தப் பிடியிலிருந்து அந்த நிலைக்கு எப்படிப் போயிருப்பார்கள் என்று ஊகித்துக் கற்றுக்கொண்டவர் அவர். புகைப்படத்தில் ஒரு கணம் தெரியும். அதற்கு முந்திய கணமும் பிந்திய கணமும் தெரியாது. டோர்ட்மண்டில் பார்வையாளர்கள் சிரித்தார்கள். கடைசி இடம் கிடைத்தது. 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கிலும் கடைசி இடம்.

அதன் பிறகு அவர் பயிற்சியாளரானார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவமானப்பட்ட இடத்திலேயே நின்று, தனக்குக் கிடைக்காத குருவாகத் தானே மாறினார். 1992இல் ஷென்னையும் ஜாவையும் ஜோடியாக்கினார். அப்போது ஷென்னுக்குப் பதின்மூன்று வயதுதான். ஜாவ் ஐந்து வயது மூத்தவர்.

1998இல் ஜப்பானின் நாகானோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1999இலும் 2000இலும் உலகப் போட்டியில் வெள்ளி. இவர்களின் வீச்சும் உயரமும் எல்லோரையும் மிரள வைத்தன. ஆனால் ஆட்டத்தில் பாவம் இல்லை, வித்தை மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு குறை சொல்லப்பட்டது. ஆரம்ப கால ஆட்டங்களைப் பார்த்தால் அந்தக் குறை நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் நடுவே கை சும்மா தொங்கும். முகம் எங்கோ பார்க்கும். அதைத் திருத்திக்கொள்ள அவர்களுக்குப் பல வருஷம் பிடித்தது.

2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். அங்கே அவர்கள் நாலு சுற்று எறிதலை முயன்றார்கள். அதுவரை ஒலிம்பிக் மேடையில் யாரும் வெற்றிகரமாகச் செய்யாதது. ஷென் விழுந்தார், வெண்கலம் கிடைத்தது. அடுத்த மாதமே உலகப் போட்டி, அதுவும் அதே நாகானோவில். அங்கே தங்கம் வென்றார்கள். ஜோடி ஆட்டத்தில் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

சால்ட் லேக்கைப் பற்றி உத்திரமேரூர்க்காரர்களிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அந்தப் போட்டியில் தங்கம் ரஷ்ய ஜோடிக்குப் போனது. தனக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டது என்று பிரெஞ்சு நடுவர் சொன்னதாகப் பெரிய சர்ச்சை வெடித்தது. கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். ஆறு மதிப்பெண்ணை உச்சமாக வைத்த பழைய முறையையே பிறகு கைவிட்டார்கள். நடுவர்களை யாரும் மிரட்டவோ வளைக்கவோ கூடாது என்பதற்காக, யாருடைய மதிப்பெண்கள் கணக்கில் சேரும் என்பதைக் கணினி சீட்டுப்போட்டு எடுக்கும் ஏற்பாடும் வந்தது.

சீட்டுப்போடுவது நமக்குப் புதிதா? நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் நிற்கின்றன. ஊரை நிர்வகிக்கும் வாரியத்துக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் இட்டு எப்படி எடுப்பது என்று விவரமாக வெட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம் சபையில் சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க, எல்லார் கண்ணெதிரே, விவரம் அறியாத ஒரு பிள்ளையை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னார்கள். ஸ்கேட்டிங் சங்கமோ எந்த நடுவர் எவ்வளவு கொடுத்தார் என்பதையே மறைத்துவிட்டது. சீட்டை எடுத்துக்கொண்டார்கள், சபையை விட்டுவிட்டார்கள். நடுவர் பெயரை மறைக்கும் வழக்கத்தை 2016இல்தான் கைவிட்டார்கள். பதினான்கு வருஷம் தாமதம் என்பது என் கருத்து.

இனி 2003. வாஷிங்டன் உலகப் போட்டி. பயிற்சியின்போது ஷென்னின் கணுக்காலில் காயம். ஆட முடியுமா என்பதே சந்தேகம். அவர்கள் எடுத்துக்கொண்ட இசை 'டுராண்டோட்'. சீனாவைக் கற்பனை செய்து இத்தாலியரான புச்சீனி இயற்றிய இசை நாடகம். அதைச் சீனர்கள் இருவர் அமெரிக்காவில் ஆடினார்கள். காயம்பட்ட காலோடு ஷென் எறிதல்களில் இறங்கியதைப் பாருங்கள்: முழங்கால் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், இன்னொரு கால் நிதானமாகப் பின்னால் விரியும், கழுத்து நிமிரும். வலி எங்கே என்று தேட வேண்டும். அந்த அளவுக்கே முக்கியமானது ஜாவின் கண். வீசிவிட்ட கணத்திலிருந்து அவள் இறங்கும் வரை அவர் பார்வை அவள் காலைவிட்டு அகலாது. அவள் இறங்கும் அதே நேரத்தில் அவரும் திரும்பி, அவள் போகும் திசையில் கை நீட்டியிருப்பார். பழைய குறை முற்றிலும் தீர்ந்தது அங்கேதான். அரங்கம் எழுந்து நின்றது. பல நடுவர்கள் முழு ஆறு மதிப்பெண் கொடுத்தார்கள், இரண்டாவது உலகப் பட்டம் வந்தது.

மறுவருஷம் உலகப் போட்டி டோர்ட்மண்டில். ஆம், யாவ் பின்னைப் பார்த்துச் சிரித்த அதே ஊர். முதல் நாள் குறு ஆட்டத்தில் தவறியதால் வெள்ளிதான் வந்தது. ஆனால் நீண்ட ஆட்டத்துக்கு மறுபடியும் ஆறுக்கு ஆறு விழுந்தது. இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தளத்தின் ஓரத்தில் குருவாக நின்றவருக்கு அந்த வெள்ளி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

2005 ஆகஸ்டில் ஜாவின் குதிகால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறே மாதத்தில் டுரின் ஒலிம்பிக்கில் ஆடி வெண்கலம் எடுத்தார்கள். அங்கே வெள்ளியும் யாவ் பின்னின் மாணவர்களுக்கே, நாலாம் இடமும் அவர் மாணவர்களுக்கே. 2007இல் டோக்கியோவில் மூன்றாவது உலகப் பட்டம். பனித்தளத்திலேயே மண்டியிட்டு ஜாவ் ஷென்னிடம் கல்யாணப் பேச்சை எடுத்தார். கல்யாணம் முடிந்தது, ஓய்வும் பெற்றார்கள்.

பிறகு திரும்பி வந்தார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஷென்னுக்கு முப்பத்தொன்று, ஜாவுக்கு முப்பத்தாறு. குறு ஆட்டத்தில் முதல் ஜோடியாக இறங்கி 76.66 புள்ளிகள், அன்றைய உலக சாதனை. மொத்தம் 216.57. தங்கம். 1964 முதல் சோவியத், ரஷ்ய ஆட்டக்காரர்களைவிட்டு அகலாமல் இருந்த ஒலிம்பிக் ஜோடிப் பட்டம் நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு கைமாறியது. வெள்ளியும் யாவ் பின் வளர்த்த இன்னொரு சீன ஜோடிக்கே: பாங் சிங், டோங் ஜியான்.

ஒரு ரசிகனாக நேர்மையாகச் சொல்ல வேண்டும். வான்கூவர் நீண்ட ஆட்டம் அவர்களின் சிறந்த ஆட்டம் அல்ல. ஒரு தூக்கலில் ஷென் சரிந்துவிட்டார்; அன்றைக்கு நீண்ட ஆட்டத்தில் அதிகப் புள்ளி பாங், டோங் ஜோடிக்கே. தங்கம் வான்கூவரில் வந்தது, கலை வாஷிங்டனில் கனிந்தது.

குரு பரம்பரை அதோடு நிற்கவில்லை. ஜாவ் ஹோங்போ பயிற்சியாளரானார். அவரிடம் கற்ற சுய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடி 2018 ஒலிம்பிக்கில் வெறும் 0.43 புள்ளியில் தங்கத்தைத் தவறவிட்டு, 2022இல் சொந்த நாட்டில், பெய்ஜிங்கில், 239.88 புள்ளிகளோடு வென்றது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கிளை உண்டு. அதே 2010இல், சீனாவின் குவாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில், அவனி பஞ்சாலும் ஐதராபாத்தின் அனூப் குமார் யாமாவும் சக்கரக் காலணி ஜோடி ஆட்டத்தில் வெண்கலம் வென்றார்கள். பனி வேண்டாம், குளிர் வேண்டாம். வழவழப்பான தளமும் நாலு சக்கரமும் போதும். அனூப் தனி ஆட்டத்திலும் வெண்கலம் எடுத்தவர். தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவின் பெய்தைஹேயில் ஆயிரம் மீட்டர் சக்கர ஓட்டத்தில் உலகச் சாம்பியனானார். நம் பிள்ளைகளுக்குச் சக்கரக் காலணி என்றாலே வேகம்தான் நினைவுக்கு வருகிறது. வேகத்தில் உலகத்தை ஜெயிக்கும் கால்கள் ஆட்டத்திலும் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், யாவ் பின்னுக்குப் புகைப்படங்கள்தான் இருந்தன. இன்று கைப்பேசியில் முழு ஆட்டமும் இருக்கிறது.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் 2003 வாஷிங்டன் ஆட்டத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஷென்னை. இரண்டாம் முறை ஜாவை மட்டும். பக்கத்தில் பக்கத்தில் தாவும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.