பரவூர் கற்றுத்தந்த பாடம்

கேரளத்தில், நம் மட்டாஞ்சேரிக்கு வடக்கே, இதே எறணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது பரவூர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை இந்தியத் தேர்தல் ஆணையம் முதன்முதலில் தேர்தலில் பயன்படுத்தியது அங்கேதான்.

1982 மே 19. பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் இயந்திரம் வைத்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, காங்கிரஸின் ஏ.சி. ஜோஸை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜோஸ் வழக்குப் போட்டார். 1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் மீண்டும் வாக்குச்சீட்டு முறையில் தேர்தல் நடந்தது. இந்த முறை ஜோஸ் வென்றார்.

இயந்திரம் தப்பாக எண்ணியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தில் இருப்பது வாக்குச்சீட்டு. அதை மாற்றுவது சட்டமியற்றும் அவைகளின் வேலை, ஆணையம் உத்தரவு போட்டு மாற்ற முடியாது என்றது. நாடாளுமன்றம் 1988-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரத்துக்கு வழி பிறந்தது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் எழுத்தாளர் சுஜாதா. 2001-இல் கேரளமும் தமிழ்நாடும் முழுக்க இயந்திரத்தில் வாக்களித்தன. 2004-இல் நாடே அப்படி வாக்களித்தது.

பட்டனை அழுத்தினோம், வாக்கு உரியவருக்குத்தான் போனதா? இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவி. அதைப் படிப்படியாகக் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் அது வந்துவிட்டது. நாம் வாக்களித்த சின்னம் அச்சான சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும்.

ஆனால் கொச்சி மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் இயந்திரங்களில் இந்தச் சீட்டு இல்லை. மக்களவைக்கு வாக்களிக்கும்போது நமக்குக் கிடைக்கும் உறுதி, நம் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைப்பதில்லை. குடிநீருக்கும் குப்பைக்கும் சாக்கடைக்கும் நாம் முதலில் தேடிப் போவது அந்த உறுப்பினரைத்தான். சில வாக்குகளிலேயே முடிவு மாறக்கூடிய தேர்தலும் அதுதான். அங்கே சந்தேகத்துக்கு இடம் வைக்கலாமா?

மாநகராட்சித் தேர்தலுக்கும் விவிபேட் வேண்டும் என்றால், செலவு கூடும், எண்ணிக்கைக்கு நேரம் ஆகும் என்பார்கள். ஆகட்டும். தோற்றவரும் ஏற்றுக்கொள்ளும் முடிவுதான் தேர்தலுக்கு மதிப்பு தரும். பரவூர் வழக்கு காட்டிய வழியில், இதையும் சட்டமன்றத்தில் விவாதித்து, சட்டமாக்கிச் செய்ய வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். அடுத்த முறை விவிபேட் உள்ள சாவடிக்குப் போனால், அந்த ஏழு நொடியும் நின்று உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.