யானைகள் நடக்கும் இரவு

இந்தியாவில் மைசூரிலிருந்து உதகைக்கு மோட்டாரிற் செல்வோர், குண்டுலுப்பேட்டையைக் கடந்து பந்திப்பூர்க் காட்டினுட் புகுகின்றனர். எல்லைக்கப்பால் அக்காடே முதுமலையெனப் பெயர் பெறுகிறது. புள்ளிமான் பகலிலேயே பாதையோரம் மேயும். யானை குறுக்கிட்டாலோ வண்டியைத் தொலைவில் நிறுத்திக் காத்திருத்தலே முறை. கன்றுடன் வரும் பிடி சிறு ஒலிக்கும் சினந்து பாயும்.

இரவில் நிலைமை வேறு. விளக்கொளியில் மான் திகைத்து நின்றுவிடும்; விரைந்து வரும் லொறி நிற்பதில்லை. பல உயிர்கள் இவ்வாறு மடிந்தபின், 2009இல் இப்பாதையும் வயநாடு செல்லும் கிளைப்பாதையும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டன. 2010இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. வயநாட்டு வணிகர் வெகுண்டனர். சுற்றுவழியின் செலவு அவர்கள் தலையில் விழுந்தது மெய்யே. நோயாளரை ஏற்றிய வண்டிக்கும் சில பஸ்களுக்கும் விலக்குண்டு. ஏனையோர் விடியும்வரை சோதனைச்சாவடியில் நிற்க, அப்பாதையில் யானைகள் நடக்கின்றன.