சித்திரை மாதத்து வீட்டுத் தோட்டம்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோடை தொடங்கும் இக்காலத்து வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். பூவையும் காயையும் பற்றிப் பேச ஓர் உரை வேண்டுமா என்று எம்மோடொத்த இளைஞர் சிலர் நகைத்தல் கூடும். பரீட்சையும் உத்தியோகமும் வெளிநாட்டுப் பயணமும் மனத்தை நிறைத்திருக்கும் வயதிலே கத்தரிச்செடிக்கு இடம் குறைவுதான். எனினும், கையெட்டும் தூரத்தில் இருந்தும் நாம் கைவிட்டு வரும் இன்பம் ஒன்று உண்டெனில், அது இதுவே என்பது எமது துணிபு.

ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1625ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியிலே தோட்டங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. எந்த மாதத்தில் எந்த மலர் பூக்கும் என்று அதில் வரிசைப்படுத்திக் கூறுகிறார். அரச மாளிகைக்கு ஏற்ற தோட்டம் 30 ஏக்கருக்குக் குறையாதிருத்தல் நன்று என்பதும் அவர் கருத்து. எமது யாழ்ப்பாணக் கணக்கிலே 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே பேக்கனுடைய தோட்டம் 480 பரப்பு! எம்மில் பலருடைய வளவோ இரண்டு பரப்பு. வீடும் கிணறும் போக எஞ்சுவது அதிலும் பாதி. ஆயினும் அந்தச் சிறு நிலம் சித்திரையில் தரும் இன்பத்தை ஒரு நாளின் பொழுதுகளைக் கொண்டே அளந்து பார்ப்போம்.

விடியற்காலையில் செவ்வரத்தை விரிகிறது. அதன் வாழ்வு ஒரே நாள். பூசைக்குக் கொய்பவர் அன்றே கொய்ய வேண்டும். பூசணிக் கொடியிலே பெரிய மஞ்சட் பூக்கள் திறக்கின்றன. நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. அடியிலே சிறு பிஞ்சைத் தாங்கி நிற்பது பெண் பூ. தேனீ ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லாவிடின் அப்பிஞ்சு வெம்பி வீழும். உச்சிப் பொழுதுக்குள் பூ வாடிவிடும். எனவே தேனீக்குக் கிடைப்பது சில மணி நேரமே. தேனீ வராத வளவிலே ஆண் பூவைக் கொய்து பெண் பூவின் நடுவே தடவிவிடுதல் போதும். பங்குனித் தொடக்கத்தில் ஊன்றிய வெண்டி சித்திரை முடியுமுன் காய்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியாவிடின் காய் முற்றி நாராகும். ஆகவே தோட்டம் எம்மை நாள்தோறும் அழைக்கிறது. தவணை சொல்ல விடுவதில்லை.

நண்பகலில் தோட்டத்தைத் தனியே விட்டுவிடலாம். அப்போது அது புலுனிக்கும் அணிலுக்கும் உரியது. பின்னேரம் அந்திமந்தாரை விரியும். இருள் சூழும்போது மல்லிகை மொட்டு அவிழும். பந்தலிலே புடோலின் வெண்பூ, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, இரவிலே வரும் விட்டிலுக்காக மலரும். காலையில் அதன் பிஞ்சைக் கண்டு, வளையாமல் நீளும்படி நுனியிலே சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் எம் ஆச்சிமாரின் கைப்பக்குவம் எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படுவதில்லை.

இவ்வின்பம் அனைத்தும் ஒரு பொருளைச் சார்ந்து நிற்கிறது. அதுவே கிணற்று நீர். எமது குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியே சுண்ணக்கல்லினுள் இறங்கி, உப்பு நீரின் மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலநீர் ஆய்வாளரின் கணக்கு. அக்கணக்கு மறுபுறமும் செல்லும். மேலே ஓரடி குறையும்படி இறைத்தால், கீழே உப்பு நீர் பன்மடங்கு உயர இடமுண்டு. துலா மிதித்த காலத்திலே மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை; ஆகவே அவ்வெல்லையை நாமே வகுத்தல் வேண்டும்.

சித்திரைச் சிறுமாரி பெய்து ஓய்ந்து, வைகாசியிலே சோளகம் வீசத் தொடங்கினால் மண் விரைந்து காயும். அதற்கு முன்னரே பாத்திகளில் சருகும் வைக்கோலும் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். காலையிலோ மாலையிலோ வேரடியில் வார்க்கும் ஒரு வாளி நீர், வெயிலில் வார்க்கும் இரு வாளிக்கு மேலானது. குளிக்கும் நீரைக் கிணற்றடி வாழைக்கு ஓடவிட்ட முன்னோர் ஒரே நீரை இருமுறை பயன்படுத்தினர். உரமும் இவ்வாறே. பூவரசங் குழை, சாணம், பழைய வேலியின் பனையோலை ஆகியவற்றை அவர்கள் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தனர். இரசாயன உரத்தை அளவின்றி இட்ட செம்பாட்டு நிலங்களை அடுத்த கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. செடிக்கு இட்டது மழையோடு இறங்கி எமது குடத்துக்கே வந்து சேர்கிறது. சிறு தோட்டக்காரர் தம் கிணற்றைத் தாமே காக்கவும் கெடுக்கவும் வல்லவர்.

2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், அடுத்த ஆண்டிலே நாடு பொருள் முடையில் வீழ்ந்ததும் யாவரும் அறிந்தவை. 2022 யூன் மாதத்திலே, அரசாங்க ஊழியர் வீட்டில் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கவும் அமைச்சரவை இணங்கியது. நாம் ஒன்று கேட்கிறோம்: விடுமுறை கிடைத்த அன்று விதை எங்கிருந்து வரும்? நெருக்கடி வந்த பின் விதைத்தவனுக்கும் வெண்டி காய்க்க ஒன்றரை மாதம் செல்லும். முற்றிய காயை விதைக்கென ஒதுக்கி, சாம்பலோடு கலந்து பேணி வைத்த வீட்டாரே அன்று அயலவருக்கும் கொடுக்க வல்லவராயினர்.

கொடுத்தலே தோட்டத்தின் தலையாய இன்பம் என்போம். ஒரு வீட்டு முருங்கை ஒரு வீட்டுக்கு மிகுதி. முன்னர் மிகுந்த காயும் கீரையும் வேலிப் பொட்டினூடாக அடுத்த வளவுக்குச் சென்றன. பிள்ளைகளும் கதைகளும் அவ்வழியே சென்றன. இன்று வேலி நின்ற இடத்திலே மதில் நிற்கிறது. முற்றத்திலே சீமெந்து பரவுகிறது. பல வளவுகளின் படலை பூட்டிக் கிடக்கிறது. மதிலை இடிக்கச் சொல்லும் வயது எமக்கில்லை. ஆனால் ஒரு கூடை பயற்றங்காயோடு படலையைத் தட்டினால் திறவாத வீடு எமதூரில் இல்லை.

ஆகவே, இளைஞர்களே, இவ்வாண்டு ஒரு பாத்தியும் ஒரு மல்லிகைப் பந்தலும் உங்கள் கையாலே ஆகட்டும். பெரியோர்களே, எந்தக் காயை விதைக்கு விடுவது, எந்தக் குழையை எப்போது தாழ்ப்பது என்பவற்றை எமக்குச் சொல்லித்தாருங்கள். அவை பெரும்பாலும் உங்கள் நெஞ்சிலே மட்டும் இருக்கின்றன. கேட்பதற்கு நாம் ஆயத்தமாயுள்ளோம். மண்வெட்டி பிடிக்கவும் ஆயத்தமாயுள்ளோம்.